சின்னத் தட்டுக் கடைக்குப் போன லிஃப்டுக்காரர்

லிஃப்டுக்காரருக்குப் பயம் என்பதே கிடையாது என்று அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்படியாகத்தான் அவரும் இருந்தார். லிஃப்டு பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், கிணறு போல இருட்டாக இறங்கும் குழிக்குள், லிஃப்டுப் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொள்வார். ஒரு கை இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கும், மறுகை கிரீஸ் தடவும். நமக்கு எட்டிப் பார்த்தாலே தொடை நடுங்கும். அவரோ அங்கிருந்தபடியே சம்சாரத்துக்குப் போன் போட்டு, "சாயங்காலம் என்ன குழம்பு?" என்று கேட்பார். அவளுக்குப் போனில் காற்று ஊளையிடுவதுதான் முதலில் கேட்கும். "முதல்ல கீழ இறங்குங்க, அப்புறம் குழம்பைப் பத்திப் பேசலாம்" என்று வைத்துவிடுவாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்தப் பேச்சு வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று பெண்ணின் அப்பா கேட்க, கூட வந்த பெரியவர் ஒருவர், "மேல போயிட்டுக் கீழ வர்ற உத்தியோகம்" என்றாராம். "மேல போறது இருக்கட்டும். தவறாம கீழ வந்துடுவாரில்ல?" என்று மாமனார் திருப்பிக் கேட்டாராம். தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தார். குழந்தை குட்டி என்று எதுவும் அமையவில்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவள் ஒரு கடையில் ஜன்னல் திரைகள் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, தட்டை நடுவில் வைத்து, அன்றைக்கு யார் யாரைத் திட்டினார்கள் என்று பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அந்த வீட்டில் பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால் அதுதான்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு அவித்த முட்டை.

முட்டையைக் கடித்துச் சாப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. முழுசாக வாயில் போட்டு, கன்னம் உப்ப இரண்டு தடவை மென்று இறக்கிவிடுவார். ஒருநாள் மத்தியானம், உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்டு மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்றுக்கு அடித்துக்கொள்கிறது என்று கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார். முட்டையை வாயில் போட்ட நேரம் பார்த்துப் போன் அடித்தது. கீழே லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவசரமாக விழுங்கிக்கொண்டே "ஹலோ" சொல்லப் பார்த்தார். ஹலோ வரவில்லை. மூச்சும் வரவில்லை.

கத்தினால் யாராவது வருவார்கள் என்று நினைப்போம். கத்துவதற்கும் மூச்சு வேண்டும். அது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. போன் கையில் "ஹலோ, ஹலோ" என்று பேசிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்துபோனது. கடைசியில் அங்கிருந்த இரும்புத் தடுப்பின் மேல் வயிறு மோத விழுந்தார். விழுந்த வேகத்தில் முட்டை தெறித்து வெளியே வந்தது. கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய், மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டார். வெளியே வந்த அம்மா ஒருத்தி, "எவ்வளவு நேரம்யா? மூச்சு முட்டிச் செத்திருப்போம்!" என்று அவரைப் பிடித்துத் திட்டினாள். அவர் "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய் மென்றார். விழுங்கப் போகும்போது தொண்டையில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் மென்றார். கதவு திறக்கவில்லை. சம்சாரம் அடுப்படிக்குள் போனதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இதை நம்பாதவர்கள் உண்டு. "அது எப்படி, நாப்பது அம்பது வருஷமா முழுங்கின தொண்டைக்கு முழுங்கறது மறந்துபோகுமா?" என்பார்கள். மறக்கும். பயம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மறக்கும். அதற்குக் காரணம் கேட்டால் அது சொல்லாது. கேலி செய்தால் இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அன்றிலிருந்து தண்ணியாக இருப்பது மட்டும்தான் அவருக்கு இறங்கியது. பால், மோர், கரைத்த கஞ்சி. கஞ்சியிலும் ஒரு பருக்கை அகப்பட்டால் நாக்கால் தேடிப் பிடித்து எடுத்துவிடுவார். வீட்டில், காலையில் அவசரம் என்றும், ராத்திரி மத்தியானச் சாப்பாடே செரிக்கவில்லை என்றும் சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். சம்சாரம் கட்டிக் கொடுக்கும் டப்பாவை வேலை பார்க்கும் கட்டடத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார். அந்த மனுஷன் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவியே திருப்பித் தருவார். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அதையே வீட்டில் வந்து ஒப்பிப்பார் லிஃப்டுக்காரர். "இன்னிக்குப் புளி ஒரு துளி தூக்கல்." "பொரியல் அருமை." வாட்ச்மேனுக்குக் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. இவருக்குப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சம்சாரம்தான் அதைப் பிடித்துத் தைத்தாள். அடுத்த மாதம் மறுபடியும் பிடித்துத் தைத்தாள். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். 

ஏன் சொல்லித் தொலைக்கக் கூடாது? சொல்லத்தான் நினைத்தார். ஆனால் சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். "இதெல்லாம் ஒரு பயமா? ஒண்ணும் ஆகாது, முழுங்குங்க" என்று கவளத்தை உருட்டி வாயில் வைப்பாள். அன்போடுதான் வைப்பாள். அந்தக் கவளத்தை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்தது.

ஒருநாள் அவள் குழம்பில் உப்பே போடாமல் டப்பா கட்டினாள். மறதியில் இல்லை, வேண்டுமென்றே. அன்று சாயங்காலம் அவர் வந்து, "குழம்பு பிரமாதம்" என்றார். வாட்ச்மேன் நல்ல மனுஷன், ஓசிச் சாப்பாட்டில் குற்றம் சொல்லத் தெரியாதவர்.

"அப்படியா? உப்பு போதுமா இருந்துச்சா?"

"அளவா இருந்துச்சு."

"நான் உப்பே போடலியே."

அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தத் தடுமாற்றத்தில்தான் அந்தப் பொய் வந்தது. "நான் கொஞ்ச நாளா வெளியில சாப்பிடறேன். டப்பாவை வாட்ச்மேனுக்குக் குடுத்துடறேன். உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்…"

"வெளியிலன்னா?"

அவர் பராமரிக்கும் கட்டடங்களில் ஒன்றில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. தென்கிழக்கு ஆசியச் சமையல். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா என்று பல இடத்துப் பண்டங்களையும் சின்னச் சின்னத் தட்டில் வைத்து, மேஜையில் உள்ளவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவதற்குக் கொடுப்பார்கள். சமையல்கட்டு கீழே, சாப்பிடும் கூடம் மேலே. தட்டுகள் மேலே வருவதற்கு ஒரு குட்டி லிஃப்டு உண்டு. அதை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வாயில் வந்தது அந்தக் கடைதான்.

"சின்னத் தட்டுக் கடை ஒண்ணு இருக்கு. அங்க."

"தினமுமா?"

"பெரும்பாலும்."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு மாடிப்படியில் நின்று தன் தம்பியிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "வெளியில சாப்பிடற ஆம்பளைக்குத் தொப்பை போடும்டா. இவருக்கு இடுப்பே இல்ல. இது கடைச் சாப்பாடு இல்ல. யாரோ ஒருத்தி இருக்கா. அவளை நினைச்சு நினைச்சு இளைக்கறாரு." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

லிஃப்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வந்தது. அந்தப் பயம் தொண்டைப் பயத்தோடு கை கோத்துக்கொண்டது. இனி உண்மையைச் சொன்னாலும், அகப்பட்டுக்கொண்டவன் அவிழ்த்துவிடும் கதை என்றுதான் அவள் நினைப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். சாப்பிடும் அளவை வைத்து அவனுக்கு வீட்டில் அண்டா என்று பெயர்.

"கிளம்புங்க. என் சமையலை விட அப்படி என்ன ஒசத்தியாப் போடறாங்கன்னு நானும் ஒரு தடவை பாக்கணும்."

"இன்னிக்கா? சனிக்கிழமை. கூட்டமா இருக்கும்."

"காத்திருந்து சாப்பிடலாம்."

"வாங்க மாமா, அக்கா செலவு!" என்றான் அண்டா. "நான் மத்தியானம் கூடச் சாப்பிடல."

"நீ சாப்பிடாத மத்தியானம் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார் லிஃப்டுக்காரர். குரல் அவர் குரலாகவே இல்லை.

கடை வாசலில் நின்றிருந்த பையன்கள் அவரைப் பார்த்ததும் "வாங்க சார், வாங்க சார்!" என்றார்கள். சம்சாரத்தின் முகம் ஒரு நூல் அளவுக்கு இளகியது. தெரிந்த இடம்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அந்த ஒரு நூல் இளக்கத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எப்படியாவது இந்த ஒரு வேளையை ஒப்பேற்றிவிட்டால் போதும்.

பிரம்புக்கூடைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போன்ற விளக்குகள். வழவழப்பான மர மேஜை. சுற்றிலும் ஆட்கள் ஒருவர் தட்டில் ஒருவர் கைவைத்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மென்றார்கள், விழுங்கினார்கள், பேசினார்கள், மறுபடியும் மென்றார்கள். லிஃப்டுக்காரர் அவர்கள் கழுத்தையே பார்த்தார். எவ்வளவு அலட்சியமாக இறக்குகிறார்கள்! ஒருவருக்காவது பயமாக இல்லையா?

"டிங்" என்று குட்டி லிஃப்டு வந்து நின்றது. முதல் தட்டு வந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய அரிசித் தாளில் கீரையும் இறாலும் வைத்துச் சுருட்டியது, நாலே நாலு. அண்டா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"அக்கா, இது சாப்பாடா, சாம்பிளா? பிடிச்சிருந்தா மூட்டையா வாங்கிக்கணுமா?"

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருடா. இன்னும் வரும்."

இன்னும் வரும். அதுதான் லிஃப்டுக்காரருக்குப் பெரிய பயம். வீட்டுச் சாப்பாடு என்றால் கண் முன்னால் இருப்பது இவ்வளவுதான், இது தீர்ந்தால் எழுந்துவிடலாம் என்று தெரியும். இங்கே என்ன வரும், எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது. ஒன்று வழுக்கும், ஒன்று ஒட்டும், ஒன்றில் எலும்பு இருக்கும், ஒன்றில் நார் இருக்கும். ஒவ்வொரு "டிங்"குக்கும் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போன வாரம் அந்தக் குட்டி லிஃப்டுக்குத் தானே எண்ணெய் விட்டு, தானே ஓட்டிப் பார்த்து, இனிமேல் நிற்காது என்று சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஒரு லிஃப்டு பழுதாகி நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

ஆனால் பங்கு போட்டுச் சாப்பிடும் மேஜையில் ஒரு சௌகரியமும் உண்டு. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சுலபத்தில் தெரியாது. சுருளைக் கரண்டியால் வெட்டினார், பிரித்தார், தொட்டுக்கொள்ளும் சாற்றில் புரட்டினார், "நீ டேஸ்ட் பாரு மாப்ளே" என்று அண்டாவின் பக்கம் தள்ளினார். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்த சாலட் வந்தது. அதில் சாறை மட்டும் கரண்டியில் எடுத்து உறிஞ்சிவிட்டு, உறைப்பு அதிகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழையிலையில் பொதிந்து சுட்ட மீன் வந்தது. முள்ளை எடுக்கிறேன் என்று சொல்லிப் பிட்டுப் பிட்டுப் பார்த்து, அதை உதிர்த்தே முடித்தார். அண்டா இரண்டு கைக்கும் வேலை கொடுத்தான்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் சலிச்சிருக்கும். கொண்டாங்க இப்படி."

சம்சாரம் சாப்பிடவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அவர் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது.

"தினமும் இதுல எது சாப்பிடுவீங்க?"

குச்சியில் குத்திச் சுட்ட கோழியும் வேர்க்கடலைக் குழம்பும் அப்போதுதான் வந்திருந்தது. "இதுதான்" என்றார்.

"எங்க, சாப்பிடுங்க. பாக்கறேன்."

"நீ முதல்ல சாப்பிடு."

"நான் தினமுமா சாப்பிடறேன்? நீங்க சாப்பிடுங்க."

குச்சியை எடுத்தார். உதட்டில் வைத்துக் குழம்பை மட்டும் சப்பினார். கோழித் துண்டு பல்லில் பட்டதும் காது அடைத்தது. மெஷின் ரூமின் கதவு கண் முன்னால் வந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார்.

"சூடே இல்ல. நான் தொட்டுப் பாத்தேன்."

அந்த நேரம் பார்த்துக் கடையின் மேனேஜரம்மா கையில் இன்னொரு தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தாள். தட்டில் சின்ன மூங்கில் கூடை, கூடைக்குள் ஆவி பறக்கும் ஒட்டரிசிச் சோறு.

"இது எங்க கணக்கு! நீங்க இல்லேன்னா எங்க பசங்க தட்டைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறியே செத்திருப்பாங்க." சம்சாரத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரரை நாங்க எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம்! 'ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க'ன்னு கெஞ்சியிருப்போம். பச்சைத்தண்ணியைக் குடிச்சுட்டு ஓடிடுவாரு. இன்னிக்குத்தான் முதல் தடவையா உக்காந்திருக்காரு. நீங்க கூட்டிட்டு வந்ததாலதான்!"

தட்டை வைத்துவிட்டு, அவளுக்கு என்ன தெரியும் பாவம், அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

அண்டாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. சம்சாரம் மடியிலிருந்த கைகளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இன்னிக்குத்தான் முதல் தடவையா?"

அவர் மூங்கில் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா எங்க சாப்பிட்டீங்க?"

அண்டா எழுந்திருக்கப் பார்த்தான். "அக்கா, நான் போய்க் கை கழுவிட்டு…"

"உக்காருடா. நீயும் கேட்டுக்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "அவ யாருன்னு கூட நான் கேக்கல. எங்க சாப்பிட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

இந்த இடத்தில் அவர் செய்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பதில் சொல்லத் தெரியாத மனுஷன், கூடையில் கைவிட்டு ஒட்டரிசியில் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டாமே! குழந்தைகள் செய்கிற காரியம். போட்டபிறகுதான் என்ன போட்டுக்கொண்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

மென்றார். அந்தச் சோறு உதிரவில்லை. மெல்ல மெல்லப் பசை போல ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போனது. அண்ணத்தில் ஒட்டியது. நாக்கால் வழித்தால் நாக்கில் ஒட்டியது. விழுங்க வேண்டும். தொண்டையில் கதவு சாத்திக்கொண்டது. துப்ப வேண்டும். எதிரே அவள் கண். சுற்றிலும் ஜனங்கள். மூக்கால் மூச்சு இழுத்தார். போதவில்லை போல் இருந்தது. இன்னும் வேகமாக இழுத்தார்.  இங்கேயேதான் போகப்போகிறோம், இத்தனை பேருக்கு நடுவில், இந்த விளக்கு வெளிச்சத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே போகப்போகிறோம் என்று நினைத்தார். மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின.

"நல்லா மெதுவா மெல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள். நேரம் கடத்துகிறார் என்று நினைத்தாள். பிறகு நெற்றியைப் பார்த்தாள். வியர்வை முத்து முத்தாக நின்றது. கண்ணைப் பார்த்தாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தக் கண்ணைப் பார்க்கிறாள். கோபம் பார்த்திருக்கிறாள், கேலி பார்த்திருக்கிறாள், அவள் அம்மா போன அன்று அதில் தண்ணீர் கூடப் பார்த்திருக்கிறாள். இதை மட்டும் பார்த்ததில்லை. கள்ளம் பண்ணிவிட்டு அகப்பட்டுக்கொண்டவனின் கண் இல்லை இது. உயிருக்குப் பயந்த கண்.

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். வலது கையைக் குவித்து அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"துப்புங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"யார் பாத்தா நமக்கென்ன? துப்புங்க."

துப்பினார். எல்லாம் வந்தது. ஒட்டியிருந்த மிச்சத்தை அவளே விரலை விட்டு வழித்து எடுத்தாள். அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார், தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவரைப் போல.

"முழுங்க வரல" என்றார். அவ்வளவுதான் முதலில் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முட்டை, தாழ்ப்பாள், போன், தரையில் கிடந்தது, ஜன்னல் வழியாகத் துப்பியது, வாட்ச்மேன், கஞ்சி. "எங்கயும் சாப்பிடலம்மா. அதான் நீ கேட்டதுக்குப் பதில். நான் எங்கயுமே சாப்பிடல."

அவள் கையைத் துடைக்கவே மறந்து நின்றாள்.

"அப்போ ஒருத்தியும் இல்லியா?"

"ஒருத்தியும் இல்ல."

"ஒருத்தி இருந்திருந்தா அவ தலைமுடியைப் பிடிச்சுச் சண்டையாவது போட்டிருப்பேன்" என்றாள்.  "தொண்டையோட நான் எப்படிச் சண்டை போடறது?"

"மாமா, நீங்களா?" என்றான் அண்டா. "லிஃப்டு மேல நின்னுக்கிட்டு போன் பேசற ஆளு…"

"நீ வாயை மூடு" என்றாள் அக்காள்.

அப்படியே நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தான் திரைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மத்தியானத்தில் இந்த மனுஷன் பூட்டிய அறைக்குள் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். கதவை உடைத்துத்தான் எடுத்திருப்பார்கள். யாரோ ஒருவர் கடைக்கு வந்து அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். அது நடக்கவில்லை. ஆனாலும் நடந்துவிட்டதுபோல அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தாள்.

"டிங்."

அடுத்த தட்டோடு வந்த பையனைக் கையை நீட்டி நிறுத்தினாள். "தம்பி, போதும்னு கீழ சொல்லிடுப்பா. பல்லுக்கு வேலையில்லாம, கூழ் மாதிரி ஏதாவது இருந்தா மட்டும் ஒரு தட்டு கொண்டா."

தேங்காய்ப்பாலில் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் வந்தது, உள்ளங்கையளவு கிண்ணத்தில். அவள் முதலில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். நார் இல்லை, கட்டி இல்லை. பிறகு தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரண்டி நுனியில் மிளகளவு எடுத்தாள்.

"ஒண்ணும் ஆகாது, முழுங்குங்க" என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைச் சுருக்கிக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. வாயைத் திறங்க."

திறந்தார். அவள் வைத்தாள். அவர் அதை நாக்கின் மேலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள். அண்டா, தன் வாயில் ஒன்றுமில்லாவிட்டாலும், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். இவர்களைப் பார்த்து இல்லை.

அது இறங்க வெகு நேரம் ஆனது. இறங்கியது. அவருக்கு முன்னால் அவள் எச்சில் விழுங்கினாள்.

இரண்டாவது வாய் பாதியில் நின்றது. அவர் கண் பழையபடி போனது. அவள் கையைக் குவித்துக்கொண்டு தயாராக இருந்தாள். துப்பச் சொல்லவும் இல்லை, விழுங்கச் சொல்லவும் இல்லை. நின்றது, பிறகு அதுவும் இறங்கியது. மூன்றாவது முடியவில்லை. தலையை ஆட்டினார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட போவோம். திங்கக்கிழமை."

"ம்."

"நாளைக்கு எங்க சாப்பிடுவீங்க?"

"உன் எதிர்ல."

"பயந்தா?"

"பயந்துக்கிட்டேதான்."

"சரி" என்றாள்.

பயம் அன்றைக்கே ஓடிவிட்டது, மனுஷன் எழுந்து தட்டு தட்டாகச் சாப்பிட்டார் என்று பிற்பாடு அண்டா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதை நம்ப வேண்டாம். அன்றைக்கு இறங்கியது கரண்டி நுனியில் இரண்டு வாய், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அண்டாதான் முடித்தான்.

சம்சாரத்துக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆறிப்போன கோழிக் குச்சி ஒன்றை எடுத்து, குழம்பில் நன்றாகப் புரட்டி, ஒரு துண்டைப் பல்லால் இழுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு தடவை மென்று விழுங்கப் போனாள்.

லிஃப்டுக்காரரின் கை அவரைக் கேட்காமலே நீண்டு அவள் மோவாய்க்குக் கீழே போய்க் குவிந்துகொண்டது. அவள் கழுத்தையே பார்த்தார். தொண்டை மேலே ஏறி, கொஞ்சம் நின்று, கீழே இறங்கும் வரையில் அவருக்கு மூச்சு வரவில்லை.

"மெதுவா" என்றார். "நல்லா மென்னு சாப்பிடு."